சம்பளக் கணக்கும் கடன்காரரும்

(பல்லேபொலவில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



ஆண்டு விழாவிலே பேச வருகிறவர்கள் இலக்கியத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நானும் அப்படி ஒரு தலைப்பைத்தான் மனத்தில் வைத்திருந்தேன். சங்கச் செயலாளர் விடவில்லை. "ஐயா, நீங்கள் நெடுங்காலம் வங்கியில் உத்தியோகம் பார்த்தவர். எங்கள் பையன்களில் பலருக்குக் கடன் இருக்கிறது. சம்பளம் கணக்கிலே விழுகிறது, விழுந்த அன்றே காணாமற் போகிறது. அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். ஆகவே இன்று கடனைப் பற்றிப் பேசுகிறேன். பேச்சு சற்று வறட்சியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வாங்கிய கடனைக் கொடுக்காமல் தப்புவதற்கு வழி சொல்ல நான் வரவில்லை. கடன் கொடுத்தவனுக்கும் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயம் எவ்வளவு தூரம் வரலாம்? வாசல்வரை வரலாம், முற்றத்தில் நின்று கேட்கலாம். அடுப்பங்கரைக்குள் வந்து உலைப்பானையைத் தூக்கிக்கொண்டு போகலாமா? போகக்கூடாது என்று சட்டமே சொல்லுகிறது. அப்படிச் சொல்லும் சட்டம் இருந்தும் உலைப்பானை எப்படிப் போகிறது என்பதுதான் இன்றைய விஷயம்.

மாத்தளைச் சீமைக்குக் கடன் புதிதன்று. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தை என்று நடந்து இந்த மலைப்பக்கம் வந்து சேர்ந்த நம் முன்னோர், தலையிலே மூட்டையோடு கடனையும் சுமந்துகொண்டே வந்தார்கள். ஊரைவிட்டுப் புறப்படும்போது கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, வழியிலே உண்ட சோறு எல்லாம் அவர்கள் பேரிலே பற்று எழுதப்பட்டன. தோட்டத்திலே பேர் பதிந்த அன்றே அவர்கள் கடனாளிகள். பிறகு மாதாமாதம் கொடுத்த அரிசிக்கும் கூலியிலே கழிவு.

அந்தக் காலத்திலே 'துண்டு' என்று ஒன்று இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. இன்ன கங்காணியையும் அவனுடைய ஆட்களையும், அவர்கள் பேரில் நிற்கும் இவ்வளவு ரூபா கடன் கட்டப்பட்டால், விட்டுவிடச் சம்மதம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சிறு கடிதமே துண்டு. புதிய தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கட்டிய தொகை புதிய தோட்டத்துப் புத்தகத்தில் அவர்கள் பேரிலே ஏறும். அதற்குமேல் கங்காணி கேட்டு வாங்கிய முன்பணமும் ஏறும். இப்படித் தோட்டம் மாறுந்தோறும் துண்டின் தொகை பெருத்துக்கொண்டே போயிற்று. அதிலே தொழிலாளியின் கைக்கு எவ்வளவு வந்தது என்று கேட்பாரில்லை. கணக்குப் புத்தகம் கங்காணியிடம் இருந்தது. எழுத்தறியாத தொழிலாளிக்கு ஞாபகம் ஒன்றுதான் புத்தகம்.

இதை ஒழிக்கப் பாடுபட்டவர்களில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முக்கியமானவர். 1919ஆம் ஆண்டிலே தொழிலாளர் நலனுக்கென அவர் ஒரு சங்கம் அமைத்தார். தோட்டக் குடும்பத்திலே பிறந்து, கண்டித் திரித்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துப் பாரிஸ்டரான பெரி. சுந்தரம் அவருக்குத் துணை நின்றார். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தினால் துண்டு சட்டவிரோதமாக்கப்பட்டது. இந்திய அரசாங்கம் குடியேற்றச் சட்டமொன்றைத் தயாரித்துக்கொண்டிருந்த வேளை அது. இங்கே திருத்தம் நடவாவிட்டால் அங்கிருந்து ஆள் வராது என்ற பயமும் தோட்டக்காரருக்கு இருந்தது. நல்ல காரியங்கள் பல இப்படித்தான் பயத்தினாலும் நடக்கின்றன.

துண்டு போய் நூறு வருடம் கடந்துவிட்டது. ஆனால் துண்டு செய்த வேலை என்னவென்று யோசித்துப் பாருங்கள். உழைத்தவனுடைய கூலி அவன் கைக்கு வருமுன்னரே இன்னொருவன் கைக்குப் போகும்படி செய்தது. அந்த வேலையை இன்று வேறு காகிதங்கள் செய்கின்றன. அந்தக் காகிதங்களில் கையொப்பம் வைப்பவர்கள் எழுத்தறிந்த நாம்தான்.

கூலியைக் கடனுக்காக முடக்கலாகாது என்ற எண்ணம் சட்டத்திலே பழையது. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டிலேயே, தொழிலாளருடைய கூலியைக் கடனுக்காக நீதிமன்றம் முடக்கும் வழக்கத்தை ஒழித்து ஒரு சட்டம் செய்தார்கள். நூறு வருடம் கழித்து 1971இலே வேறு வடிவில் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆயினும் கடனாளியின் குடும்பச் செலவுக்கென்று ஒரு தொகையை நீதிமன்றம் முதலில் ஒதுக்கவேண்டும், அதைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொண்டுவந்தார்கள்.

நம்முடைய நாட்டில் 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை இருக்கிறது. அதன் 218ஆம் பிரிவை ஒருமுறையாவது வாசித்துப் பாருங்கள். தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வரும் பிஸ்கால் உத்தியோகத்தர் எவற்றைத் தொடக்கூடாது என்று அங்கே வரிசையாக எழுதியிருக்கிறது. கடனாளியும் மனைவியும் பிள்ளைகளும் உடுக்கும் அவசிய உடைகள், பாய் படுக்கை, தொழிற் கருவிகள், அரசாங்க ஓய்வூதியம் ஆகியவற்றோடு, தொழிலாளருடைய கூலியும் வீட்டு வேலைக்காரருடைய கூலியும் அந்த வரிசையில் உண்டு. மாதச் சம்பளக்காரரான உத்தியோகத்தர் எல்லோருக்கும் இந்த முழுக் காவல் இல்லை. அவர்களுக்குச் சட்டம் எல்லைகள் வைத்திருக்கிறது, எல்லைக்கு மேற்பட்ட சம்பளம் முடக்கப்படலாம். ஆனால் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ கையால் உழைப்பவனுடைய கூலிக்குச் சட்டம் வேலி கட்டியிருக்கிறது.

இன்னும் இரண்டு வேலிகள் உண்டு. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் சட்டம் சம்பளத்திலே கண்டபடி கழிக்கவிடாது. அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத்தான் கழிக்கலாம், அவற்றின் மொத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்த ஊழியர் சேமலாப நிதியிலே உங்கள் பேரில் நிற்கும் பணத்தைக் கடன்காரர் பறிமுதல் செய்ய முடியாது. நீங்களாகவே வீட்டுக் கடனுக்கு அதைப் பிணையாக வைத்தால் அது வேறு.

இப்படி வேலிமேல் வேலி இருக்க, பயிர் எப்படி மேயப்படுகிறது?

நண்பர்களே, சட்டம் கூலியைச் சொல்லுகிறது. கூலி போய் விழுந்த வங்கிக் கணக்கைச் சொல்லவில்லை. 1889இலே கூலி ரூபாவும் சதமுமாகக் கையிலே எண்ணிக் கொடுக்கப்பட்டது. சம்பள மேசையிலிருந்து தொழிலாளியின் மடிக்கு வந்தது, மடியிலிருந்து கடைக்குப் போனது. இன்று பல இடங்களில் சம்பளம் கணக்கிலே விழுகிறது. விழுந்த நிமிஷத்திலே அந்தப் பணத்தின் பெயர் மாறிவிடுகிறது. அது 'கூலி' அல்ல, 'நிலுவை' ஆகிவிடுகிறது.

இதிலே பலர் அறியாத சங்கதி ஒன்று உண்டு. வங்கியிலே நீங்கள் போட்ட பணம் உங்கள் பணமாக ஒரு பெட்டியில் இருப்பதில்லை. 1848ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்துவைத்த விஷயம் இது. போட்ட பணம் வங்கியின் பணமாகிவிடும். அந்தத் தொகையை நீங்கள் கேட்கும்போது தரவேண்டிய கடனாளிதான் வங்கி. நம் நாட்டிலும் வங்கி விவகாரங்களுக்கு இங்கிலாந்துச் சட்டமே செல்லும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விதித்துவைத்தார்கள். ஆக, உங்கள் கணக்கிலே 9,000 ரூபா நின்றால், வங்கி உங்களுக்கு 9,000 ரூபா கடன்பட்டிருக்கிறது. உங்களுக்கு வரவேண்டிய கடனை உங்கள்மேல் தீர்ப்புப் பெற்றவன் முடக்கலாம். பிஸ்கால் ஓர் எழுத்து மூலமான தடையறிவித்தலை வங்கிக்குக் கொடுத்தால் போதும், வங்கி உங்களுக்குக் கொடாமல் நிறுத்திவைக்கும். அந்த 9,000 ரூபா நேற்று விழுந்த கூலி என்று வங்கிக் குமாஸ்தாவுக்குத் தெரிந்தாலும் அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. நீதிமன்றத்துக்குப் போய்ச் சொல்லவேண்டியவர் நீங்கள்.

ஆனால் பிஸ்கால் வருவது கடைசியில்தான். அவருக்கு முன்னரே வேறு கைகள் கணக்குக்குள் புகுந்துவிடுகின்றன. ஓர் உதாரணம் சொல்லுகிறேன். கற்பனைதான், ஆனாலும் இந்த மண்டபத்தில் சிலருக்கு அது கற்பனையாகத் தோன்றாது. ஒரு வாலிபனுக்கு மாதம் 40,000 ரூபா சம்பளம். மோட்டார் சைக்கிள் வாங்கிய நிதிக் கம்பனிக்கு நிலையான கட்டளை எழுதிக் கொடுத்திருக்கிறான். மாதம் 12,000 ரூபா தானாகவே போகும். மிஞ்சியது 28,000. சம்பளம் விழுகிற அதே வங்கியில் வாங்கிய கடனுக்கு வங்கி 9,000 எடுத்துக்கொள்ளும். மிஞ்சியது 19,000. மனைவி குழுவிலே எடுத்த நுண்நிதிக் கடனுக்கு வாரம் 2,500 ரூபா, மாதத்தில் 10,000. மிஞ்சியது 9,000. அந்த 9,000த்திலே அரிசி, மண்ணெண்ணெய், பிள்ளையின் பஸ் காசு. இந்த நிலைமையில் முன்னொரு காலத்தில் நண்பனுக்காகப் பிணை நின்ற கடன் வழக்காகித் தீர்ப்பாகித் தடையறிவித்தலாக வருகிறது. அந்த 9,000மும் நின்றுபோகிறது.

இதிலே நீதிமன்றம் தொட்டது 9,000 மட்டுமே. மற்ற 31,000த்தையும் கொண்டுபோனவை அவனும் மனைவியும் வைத்த கையொப்பங்கள்.

பிணை என்றவுடன் ஒரு வார்த்தை. பிணைப் பத்திரத்திலே பொடி எழுத்தில் சில சலுகைகளைக் கைவிடுவதாக ஒரு வாசகம் இருக்கும். நமது பொதுச் சட்டமாகிய ரோமன்-டச்சுச் சட்டம், முதலில் கடன் வாங்கியவனைக் கேட்டுவிட்டுத்தான் பிணையாளியிடம் வரவேண்டும் என்ற சலுகையைக் கொடுத்திருக்கிறது. அந்த வாசகத்தின் கீழ்க் கையொப்பமிட்டால் சலுகை போய்விடும். கடன் வாங்கியவன் ஓடிவிடுவான், ஓடாமல் ஊரிலே மரியாதையாக இருக்கிறவனிடம்தான் கடிதம் வரும். சிநேகிதனுக்குப் பிணை நிற்பது நல்ல குணம்தான். அவன் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்று மனத்திலே தீர்மானித்துக்கொண்டு நிற்கிறவன் மட்டும் நிற்கட்டும்.

வங்கி தானாகவே எடுத்துக்கொள்வதைப் பற்றிச் சொன்னேன். அதற்கு 1872ஆம் ஆண்டின் ஆங்கில வழக்கு ஒன்று ஆதாரமாக இருக்கிறது. ஒருவருக்கு ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் கணக்கு. ஒன்றிலே சுமார் 42 பவுண் வரவு, மற்றதிலே சுமார் 42 பவுண் பற்று. வங்கி அவரிடம் சொல்லாமலே இரண்டையும் சேர்த்துவிட்டது. வரவு நின்ற கிளைமேல் அவர் எழுதிய காசோலைகள் திரும்பின. வழக்கிலே வங்கி வென்றது. ஆகவே கடன் வாங்கிய வங்கியிலேயே சம்பளத்தையும் போடுகிறவன், ஆட்டுக்குட்டியைக் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் புலியிடமே கொடுத்துவைக்கிறான். வங்கியில் உத்தியோகம் பார்த்த நான் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் நினைக்கலாம். சட்டம் கொடுத்த உரிமையை வங்கி பிரயோகிப்பதிலே தவறு காணவில்லை. அந்த உரிமை இருப்பதை வாடிக்கைக்காரர் முன்கூட்டியே அறியவேண்டும் என்றுதான் சொல்லுகிறேன்.

இதே சிக்கல் உலகமெங்கும் உண்டு. வேறு நாட்டார் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

இந்தியாவிலே நீதிமன்றம் ஒருவருடைய சம்பளத்தை முடக்கும்போது முதல் 1,000 ரூபாவையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. ஒரே தீர்ப்புக்காக 24 மாதங்களுக்கு மேல் முடக்கி வைக்கவும் முடியாது. தொழிலாளர் கூலிக்கு அங்கே முழு விலக்கு. இந்தப் பணம் கைக்கு வந்த பிறகு என்னவாகும் என்ற கேள்வி அங்கும் எழுந்தது. 1976இலே ஜோதி சிட் பண்ட் என்ற சீட்டுக் கம்பனி தொடுத்த வழக்கில், சேமநிதியும் ஓய்வூதியமும் ஊழியரின் கைக்கு வந்து சேரும்வரையில் அவற்றைத் தொடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் கைக்கு வந்தபின்? 2008ஆம் ஆண்டில் அதற்கும் பதில் வந்தது. ஓய்வு பெற்ற ஒருவர் தமக்குக் கிடைத்த ஓய்வுகாலப் பணத்தை வங்கியிலே நிலையான வைப்பாகப் போட்டிருந்தார். வங்கி தன் கடனுக்காக அதை எடுக்கப் பார்த்தது. நிலையான வைப்பாக மாறியதனால் அந்தப் பணத்தின் இயல்பு மாறிவிடவில்லை, காவல் நீடிக்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இந்த வழக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நமது கோவையின் 218ஆம் பிரிவும் இந்தியச் சட்டத்தின் அந்தப் பிரிவும் ஏறக்குறைய உடன்பிறந்தவை. நியாயவாதி ஒருவர் எடுத்துக்காட்டினால் நீதிபதி காது கொடுத்துக் கேட்பார்.

அமெரிக்காவில் மில்வோக்கி நகரிலே ஒரு பெண் தொழிலாளி. அவரிடமிருந்து 420 டொலர் வரவேண்டும் என்றது ஒரு நிதிக் கம்பனி. வழக்கு விசாரிக்கப்படுமுன்னரே, அவருடைய 63 டொலர் 18 சதம் சம்பளத்திலே பாதி முதலாளியிடம் நிறுத்தப்பட்டது. விசாரியாமல் கூலியை நிறுத்துவது கூடாது என்று 1969இலே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முந்திய வருடம் வந்த சட்டம், சாதாரணக் கடன்களுக்காகக் கைக்கு வரும் சம்பளத்தில் நாலிலொரு பங்குக்கு மேல் முடக்கக்கூடாது என்று விதித்திருந்தது. வங்கிக் கணக்குக்குப் பிற்காலத்திலே வழி செய்தார்கள். 2011 முதல், முடக்கக் கட்டளை வந்தால் வங்கியே முந்திய இரண்டு மாதக் கணக்கைப் புரட்டிப் பார்த்து, அரசாங்கம் கொடுத்த முதுமைக்கால உதவிப்பணம் முதலியவை விழுந்திருந்தால் அந்த அளவைத் தொடாமல் விடவேண்டும். கடனாளி ஓடித்திரிய வேண்டியதில்லை. ஆனால் சாதாரணச் சம்பளத்துக்கு இந்த வசதியை அவர்கள் செய்யவில்லை.

ஜேர்மனிக்காரர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2010 யூலை முதலாந் திகதியிலிருந்து அங்கே யாரும் தம் கணக்கைக் 'காப்புக் கணக்கு' ஆக்கித் தரும்படி வங்கியைக் கேட்கலாம். ஆளுக்கு ஒன்றுதான். அந்தக் கணக்கிலே மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கடன்காரர் எவரும் கிட்ட வரமுடியாது. தொடங்கிய காலத்தில் அது 985 யூரோ 15 சதம். பிறகு பலமுறை உயர்த்தினார்கள். வீட்டிலே மனைவி பிள்ளைகள் இருந்தால் தொகை கூடும். பணத்துக்குச் சம்பளமா, வியாபாரமா என்று சாதி விசாரிப்பதில்லை. கஞ்சிக்கு இவ்வளவு வேண்டும், அதை விட்டுவிடு என்பதுதான் கொள்கை. நமது சட்டசபையிலே யாராவது இதைப் பிரஸ்தாபித்தால் அவருக்கு ஒரு மாலை போடலாம்.

எல்லாவற்றிலும் நமது நிலைமைக்குக் கிட்டியது தென்னாபிரிக்காவின் கதை. அங்கும் ரோமன்-டச்சுச் சட்டம், அங்கும் தோட்டத் தொழிலாளர். ஸ்டெலன்பொஸ் என்ற இடத்துத் திராட்சைத் தோட்டமொன்றின் சொந்தக்காரியான வென்டி அப்பெல்பாம் அம்மையார், தம்முடைய ஆட்களின் சம்பளத்திலே கடன் கம்பனிகளுக்காகக் கழிவு போவதைக் கவனித்து விசாரிக்கத் தொடங்கினார். தொழிலாளர் விளங்காத காகிதங்களிலே கையொப்பமிட்டிருந்தார்கள். கட்டளை வந்தது பக்கத்து நீதிமன்றத்திலிருந்து அல்ல, அவர்கள் கண்டேயிராத தூரத்து ஊர்களின் நீதிமன்றங்களிலிருந்து. நீதிவான் பார்த்துக் கொடுத்த கட்டளையும் அல்ல. காகிதத்தைப் பார்த்து எழுதுவினைஞர் முத்திரை குத்தியது. எதிர்த்துச் சொல்லப் போகவேண்டுமானால் பஸ் காசே ஒரு வாரக் கூலியை விழுங்கிவிடும். ஸ்டெலன்பொஸ் பல்கலைக்கழகத்துச் சட்ட உதவி நிலையம் பதினைந்து தொழிலாளருக்காக வழக்காடியது. 2016 செப்டெம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிவான் ஒருவர் தாமே ஆராய்ந்து, இந்தக் குடும்பத்திலிருந்து இவ்வளவு எடுப்பது நியாயந்தான் என்று திருப்தியடைந்த பிறகே சம்பளத்தைத் தொடலாம் என்றது. 2018 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், கழிவுகள் எல்லாம் சேர்ந்தாலும் அடிப்படைச் சம்பளத்தில் 25 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று எல்லை கட்டியது. கடன் கொடுப்பவர் கடனாளியின் வங்கிக் கார்ட்டையும் இரகசிய எண்ணையும் பிடித்து வைத்திருப்பதை அதற்கு முன்னரே, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தினால், குற்றமாக்கியிருந்தார்கள்.

கார்ட்டைப் பிடித்து வைக்கும் வழக்கம் நம் பக்கத்திலும் உண்டென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வட்டிக்காரர் சம்பள நாளன்று இயந்திரத்தின் முன்னே போய் நிற்கிறார். தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறார். துண்டு என்று சொன்னேனே, அதன் பேரப்பிள்ளை இந்தக் கார்ட். கடிதம் துரையிடம் இருந்ததுபோல் கார்ட் வட்டிக்காரரிடம் இருக்கிறது. அதை இன்றைக்கே திருப்பி வாங்குங்கள். தராவிட்டால் வங்கிக்குப் போய் அந்தக் கார்ட்டை நிறுத்திவிட்டுப் புதியது எடுங்கள். கடன் கடனாகவே இருக்கும், சாவி மட்டும் உங்கள் கைக்கு வரும். வட்டி அநியாயமானதென்றால் 1918ஆம் ஆண்டின் பணங்கடன் கொடுத்தல் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் அந்தக் கணக்கைத் திரும்பத் திறந்து பார்க்கலாம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட அந்தச் சட்டத்தைத் தேடிப் போகிறவர்கள்தான் குறைவு.

சம்பளம் எந்தக் கணக்கிலே விழவேண்டும் என்பதைக் கவனமாகத் தெரிந்தெடுங்கள். கடனும் பிணையும் இல்லாத வங்கியிலே ஒரு கணக்குத் திறந்து, சம்பளத்தை அதற்கு அனுப்பும்படி தோட்ட அலுவலகத்தையோ கம்பனியையோ எழுத்திலே கேளுங்கள். சம்பளத்தை இந்த வங்கிக்கே அனுப்புவோம் என்று நீங்களும் முதலாளியும் ஏற்கெனவே கையொப்பமிட்டிருந்தால் அதை மீறி மாற்ற முடியாது, வங்கியோடு பேசித்தான் மாற்றவேண்டும். அந்தக் கணக்கிலே சம்பளத்தைத் தவிர வேறு பணம் விழவிடாதீர்கள். சீட்டுக் காசு, மத்தியகிழக்கிலிருந்து தம்பி அனுப்பும் காசு, மிளகு விற்ற காசு எல்லாம் அதிலே கலந்துவிட்டால், எது கூலி எது மற்றது என்று பிரித்துக் காட்ட உங்களாலும் முடியாது, நீதிபதியாலும் முடியாது. சம்பளத்துண்டுகளைத் தவறாமல் சேர்த்து வையுங்கள். சம்பளத்துண்டின் தொகையும் கணக்கு அறிக்கையின் தொகையும் மாதாமாதம் ஒத்துப்போனால் அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொன்று. வழக்கு வரப்போகிறதென்று தெரிந்தவுடன் பணத்தை மைத்துனன் கணக்குக்கும், காணியை மாமியார் பேருக்கும் மாற்றும் சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்கள். கடன்காரரை ஏமாற்றச் செய்த கைமாற்றத்தை நீதிமன்றம் தள்ளிவிடலாம். ரோமர் காலத்திலிருந்து வரும் 'பௌலியன் வழக்கு' அதற்கென்றே இருக்கிறது. கூலியைக் காப்பது வேறு, சொத்தை ஒளிப்பது வேறு. முன்னையதற்குச் சட்டம் துணை நிற்கும், பின்னையதற்கு நிற்காது.

நீதிமன்றக் கடிதம் வந்தால் மேசை லாச்சிக்குள் வைத்து மூடாதீர்கள். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின்கீழ் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் மாவட்ட நீதிமன்றத்திலே மிக விரைவாகத் தீர்ப்புப் பெறலாம். பத்திரங்களைப் பார்த்தே முதற் கட்டளை பிறக்கும். குறித்த நாளில் நீங்கள் போய்க் காரணம் காட்டி, எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்காவிட்டால் அது நிரந்தரமாகிவிடும். வக்கீலுக்குக் காசில்லை என்று இருந்துவிட வேண்டாம். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்காக நீதிமன்றத்திலே பேசும். வங்கியோ நிதிக் கம்பனியோ அநீதி செய்ததாகத் தோன்றினால், மத்திய வங்கியிலே வாடிக்கைக்காரர் முறைப்பாடுகளைக் கேட்க ஒரு பகுதி உண்டு, அங்கே எழுதலாம். கணக்கு ஏற்கெனவே நிறுத்தப்பட்டுவிட்டதென்றால் சம்பளத்துண்டுகளையும் கணக்கு அறிக்கையையும் எடுத்துக்கொண்டு, கட்டளை கொடுத்த நீதிமன்றத்துக்கே போய், இது 218ஆம் பிரிவிலே விலக்கப்பட்ட கூலி, இதை விடுவிக்க வேண்டும் என்று மனுக் கொடுக்கவேண்டும். வங்கி முகாமையாளரோடு சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை.

கடன் கொடுத்தவரிடமும் போய்ப் பேசுங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தாருங்கள் என்று, நிலுவை தவறுமுன் கேட்பவனுக்கு வங்கிகள் பெரும்பாலும் செவிசாய்க்கும். மூன்று மாதம் ஒளித்துத் திரிந்துவிட்டுக் கேட்பவனுக்குச் சாய்ப்பதில்லை. உடன்பட்ட புதிய தவணையை வாய்ப் பேச்சாக விடாமல் எழுத்திலே வாங்குங்கள்.

கடன் வாங்கிய அதே வங்கியிலேதான் சம்பளமும் விழுகிறது, உடனே மாற்ற முடியாது என்கிறவர்கள் இருப்பீர்கள். இங்கிலாந்திலே கடனாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் தர்ம ஸ்தாபனங்கள் அவர்களை ஒரு கடிதம் எழுதச் சொல்லுகின்றன. கணக்கிலே விழும் பணம் இன்ன செலவுக்கு என்று முன்கூட்டியே அறிவித்துவைக்கும் கடிதம். வங்கி எந்தப் பணத்தையும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் கடன் பத்திரத்திலே ஒப்புக்கொடுத்திருந்தால் கடிதத்தின் பலம் குறையும். அப்படியானாலும் பேச்சுவார்த்தைக்கு அது நல்ல தொடக்கம். வாக்கியங்களை நான் சொல்லுகிறேன், பென்சில் உள்ளவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

"ஐயா, எனது இன்ன இலக்கக் கணக்கிலே மாதந்தோறும் விழுவது என் தொழிற் சம்பளம் மாத்திரமே. அதில் இத்தனை ரூபா என் குடும்பத்தின் உணவு, மருந்து, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கென ஒதுக்கப்பட்டது. அந்தத் தொகையை வேறு எந்தக் கணக்கின் நிலுவையோடும் சேர்க்க வேண்டாமென அறிவிக்கிறேன். கடன் தவணையாக மாதம் இத்தனை ரூபா கட்டுவேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், தொகையை நிரப்பாமலும் விடாதீர்கள். இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றை வங்கியிலே கொடுத்து, மற்றதிலே திகதியோடு முத்திரை வாங்கி, சம்பளத்துண்டுகள் இருக்கும் அதே உறைக்குள் வையுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு இந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்கச் சங்கத்து வாலிபர்கள் நாலைந்து பேர் முன்வருவார்களானால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் இந்த மண்டபத்துக்கு வருகிறேன்.